அருங்காட்சியகத்துல ஒரு திரை வேணும், படத்தை பிள்ளைங்களே தேர்வு பண்ணட்டும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

லீவு விட்டா பிள்ளைங்க போனை நோண்டிக்கிட்டே கெடக்குன்னு வாசகர் கடிதம் வந்துக்கிட்டேதான் இருக்கு, எல்லாரும் போனை புடுங்கி வைங்கன்னுதான் எழுதுதாங்க. நான் பாளையங்கோட்டையில கல்யாண வீடியோ எடிட் பண்ணுத ஆளு, அதனால எனக்குத் தெரிஞ்ச இன்னொரு பக்கத்தை சொல்லுதேன். அதே போன்ல படம் எடுக்குத பிள்ளைங்க நம்ம ஊர்ல நெறைய இருக்கு, எடுத்ததை நாலு பேரோட உக்காந்து பாக்கதுக்குத்தான் இடம் இல்ல. நம்ம பாளையங்கோட்டை அரசு அருங்காட்சியகத்துலயோ, ரெட்டியார்பட்டி பக்கம் வந்திருக்க பொருநை அருங்காட்சியகத்துலயோ மாசத்துல ஒரு ஞாயித்துக்கிழமை படம் போடலாம், வருஷத்துக்கு ஒருக்கா பிள்ளைங்க எடுத்த படத்துக்குன்னே ஒரு விழா வைக்கலாம், ஆனா என்ன படம் போடணும்னு முடிவு பண்ணுதது பிள்ளைங்களா இருக்கணும். இந்த கடைசி விஷயத்துக்காகத்தான் இந்தக் கடிதமே.

கொஞ்ச நாளைக்கு முன்னாடி மேலப்பாளையத்துலேருந்து ஒரு பையன் கடைக்கு வந்தான், பிளஸ் ஒன் படிக்கான். அவங்க உம்மா பீடி சுத்துததை எடுத்திருக்கான். மொகமே வரல, மடியில சொளவு, ரெண்டு கை, அவ்வளவுதான். எலையை கத்தரிக்கோலால வெட்டுத சத்தம், தூளை வச்சு உருட்டி நூலைச் சுத்துத வேகம், நடுவுல கை ஒரு நிமிஷம் நின்னு உள்ள யாரையோ பாத்து அடுப்பை அமத்துன்னு ஒரு சத்தம், திரும்ப கை ஓடுது. மொத்தம் நாலு நிமிஷம். போனை தண்ணிச் சொம்புல சாய்ச்சு வச்சு எடுத்தேன்னான். எங்கிட்ட வேலை பாக்குத பையன் பின்னாடி ஒரு பாட்டைப் போட்ருவமாடேன்னு கேட்டதுக்கு, வேண்டாண்ணே கத்தரிக்கோல் சத்தம் கேக்காதுன்னு சொல்லிட்டான். எத்தனையோ வருஷமா எல்லா கல்யாணத்துக்கும் பாட்டுப் போட்டே ஓட்டுத எனக்கு அது சுருக்குன்னு இருந்துச்சு.

அந்தப் படம் எங்க ஓடிச்சுன்னு நெனைக்கீங்க, வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ்ல, அதுவும் துண்டு துண்டா வெட்டி. 24 மணி நேரத்துல போயிருச்சு. பாத்தவங்க ஒரு தம்ஸ்அப் போட்டுட்டு அடுத்ததுக்குத் தள்ளிட்டாங்க.

தியேட்டர்காரங்ககிட்ட போய் இதைக் கேக்க முடியாது, அவங்களுக்கு வெள்ளிக்கிழமை கலெக்‌ஷன் பாக்கணும், அது நியாயந்தான். அருங்காட்சியகத்துல என்ன சினிமான்னு சில பேரு கேப்பாங்க. நியூயார்க்ல இருக்க நவீனக் கலை அருங்காட்சியகம் 1935லயே படங்களைச் சேத்து வைக்கதுக்குன்னு ஃபிலிம் லைப்ரரி ஆரம்பிச்சுருச்சு, ஓவியம் சிற்பம் மாதிரி சினிமாவும் பாதுகாக்க வேண்டிய பொருள்னு அவங்களுக்கு அப்பவே தோணிருக்கு. நம்ம அருங்காட்சியகத்துல ஏற்கனவே பிள்ளைங்களுக்கு ஓவியப் போட்டி, களிமண் வேலைன்னு நடத்தத்தான் செய்யுதாங்க, அதோட இதையும் சேத்துக்கிட்டா என்ன. நெல்லைக்கு இது புதுசும் இல்ல, 90கள்ல ஆர்.ஆர்.சீனிவாசன் காஞ்சனைன்னு ஒரு திரைப்பட இயக்கம் வச்சு இங்க உலகப் படங்களைப் போட்டவருதான். அப்ப அதுக்குப் போனவங்க இன்னைக்கும் அதைப் பத்தி பேசுனா நிறுத்த மாட்டாங்க.

பள்ளிக்கூடத்துல படம் போடுததும் நடக்குது, இல்லன்னு சொல்லல. 2022ல தமிழ்நாடு அரசு அரசுப் பள்ளிக்கூடங்கள்ல மாசாமாசம் சிறார் படம் போடுத திட்டம் கொண்டு வந்தாங்க, மொதப் படமா போட்டது 1956ல வந்த சிவப்பு பலூன் பத்துன பிரெஞ்சுப் படம், 34 நிமிஷம், பேச்சே ரொம்பக் கொஞ்சம். பாஷை தெரியாத பிள்ளையும் பாக்கலாம், அதனால நல்ல தேர்வுன்னுதான் நான் சொல்லுவேன். ஆனா பாருங்க, அதுவும் மேல இருந்து வருத படந்தான், பெரியவங்க எடுத்து குடுக்காங்க, பிள்ளைங்க வரிசையா உக்காந்து பாக்குது, முடிஞ்சதும் நீதி என்னன்னு ஒரு கேள்வி, அதுக்கு எல்லாப் பிள்ளையும் ஒரே பதிலைச் சொல்லும்.

இத்தாலியில ஜிஃபோனின்னு ஒரு சின்ன ஊரு, அங்க 1971லேருந்து ஒரு சிறார் பட விழா நடக்குது, ஜூரியே பிள்ளைங்கதான். பெர்லின் விழாவுலயும் 1978லேருந்து பிள்ளைங்க படத்துக்குத் தனிப் பிரிவு இருக்கு, அங்க கிரிஸ்டல் பேர், அதாவது பளிங்குக் கரடின்னு ஒரு பரிசை பிள்ளைங்க ஜூரியே பாத்து குடுக்கும். பிள்ளைங்க கையில குடுத்தா குப்பைப் படத்தை எடுத்துரும்னு பயந்தா அந்த விழால்லாம் இத்தனை வருஷம் ஓடிருக்காது. நம்ம ஊர்ல ஒம்பதாப்புலேருந்து காலேஜ் வரைக்கும் ஒரு பன்னெண்டு பேரை வேற வேற பள்ளிக்கூடத்துலேருந்து எடுங்க, மேலப்பாளையம், டவுன், நாங்குநேரி, அம்பை, மானூர்னு கலந்து எடுங்க, ஆளுக்கொரு படம் சொல்லட்டும், ஏன் இந்தப் படம்னு மத்தவங்ககிட்ட வாதாடட்டும். எனக்கு வேண்டியது அந்த வாதந்தான். நாங்குநேரியில 2023ல சாதி வெறியில கூடப்படிக்குத பையனையே வீடு ஏறி வெட்டுனதுக்குப் பெறகு, பள்ளிக்கூடத்துல சாதிச் சண்டையைத் தடுக்க வழி சொல்லணும்னு நீதிபதி சந்துரு கமிட்டி போட்டாங்க, அறிக்கையும் வந்துச்சு. நாலு படம் போட்டா சாதி ஓடிரும்னு சொல்ல நான் ஒண்ணும் அப்பாவி இல்ல. ஆனா இப்ப இந்தப் பிள்ளைங்க ஒருத்தன் எடுக்குதத இன்னொருத்தன் பாக்கது ரீல்ஸ்லதான், அதுல பாதி எந்தத் தெரு, கையில எந்த சாதிக் கயிறுன்னு காட்டுத வீடியோ, கீழ கமெண்ட்ல சண்டை. ஒரே ரூம்ல பக்கத்துல பக்கத்துல உக்காந்துட்டு அப்படி கமெண்ட் போட முடியாதுல்லா.

சட்டம் ஒரு பக்கம் இருக்கு, அதைத் தெரியாம ஆரம்பிச்சா பாதியில நின்னுரும். நம்ம நாட்டுல ஒரு படம் வெளிவந்த வருஷம் போக 60 வருஷம் முடிஞ்சிருச்சுன்னா படத்தோட காப்புரிமை முடிஞ்சுரும், ஆக அந்த அளவு பழைய படத்துக்கு தயாரிப்பாளர்கிட்ட உரிமை கேக்க வேண்டாம், நல்ல பிரிண்ட் கெடைக்குதாங்கததுதான் பாக்கணும். அதுக்குப் பெறகு வந்த படம்னா உரிமைக்காரங்ககிட்ட எழுதி வாங்குததுதான் முறை, பெனிஃபிட் ஷோவா ஃப்ரீயான்னு பாக்க மாட்டாங்க. சென்சார் ஆகாத படத்தை விழாவுல போடணும்னா தகவல் ஒலிபரப்பு அமைச்சகத்துல விலக்கு வாங்கணும், பிள்ளைங்க படத்துக்கும் அது உண்டு, அந்த வேலையை அருங்காட்சியகம் பாத்துக்கிட்டா நல்லது, பதினாறு வயசுப் பையன் டெல்லிக்கு லெட்டர் போட்டுட்டா இருப்பான். இன்னொண்ணு, பிள்ளைங்க படத்துல சினிமாப் பாட்டு கூடாதுன்னு மொதல்லயே சொல்லிரணும், உரிமைப் பிரச்சினைக்கும் ஆச்சு, பாட்டை வச்சு ஒப்பேத்தாம சத்தத்தை கவனிச்சு எடுக்கதுக்கும் ஆச்சு.

வசதின்னு பாத்தா பெருசா ஒண்ணும் வேண்டாம். பகல்ல போடுததா இருந்தா ஜன்னலுக்கு கறுப்புத் துணி கட்டாயம் வேணும், அது இல்லாம எவ்வளவு வெலை கூடுன ப்ரொஜெக்டர் வச்சாலும் படம் வெளிறித்தான் தெரியும். எக்கோ அடிக்குத ஹாலா இருந்தா சுவர்ல ஜமுக்காளத்தை தொங்க விடுங்க, பேச்சு தெளிவா கேக்கும், மண்டபத்துல நாங்க பண்ணுத வேலைதான் இது. சேர் பத்தலன்னா கோரப்பாய் போடலாம், பத்தமடை பக்கத்துலதான இருக்கு. நேரம் மட்டும் சாயங்காலம் இருட்டுததுக்கு முன்னாடி முடியுத மாதிரி இருக்கணும், இல்லன்னா பொம்பளப் பிள்ளைங்களை வீட்ல விட மாட்டாங்க, வெளியூர்ப் பிள்ளைங்களுக்கு பஸ்ஸும் பாக்கணும். படம் முடிஞ்சதும் யாரும் மைக்கைப் புடிச்சு வாழ்த்துரை வழங்கக் கூடாது, பொன்னாடை கூடாது. எடுத்த பிள்ளை முன்னாடி நிக்கட்டும், பாத்த பிள்ளைங்க கேள்வி கேக்கட்டும், பிடிக்கலன்னா பிடிக்கலன்னும் சொல்லட்டும், அழுதாலும் பரவால்ல.

இங்க இருந்து டிசம்பர்ல திருவனந்தபுரம் விழாவுக்குன்னு ரயிலேறிப் போற பையங்க நெறைய உண்டு, 1996ல ஆரம்பிச்ச கேரள சர்வதேசத் திரைப்பட விழா அது. போயிட்டு வந்து கதை கதையா சொல்லுவானுங்க. அவனுங்களைக் கூப்பிட்டா வாலண்டியரா வந்து நிப்பானுங்க, ஏற்கனவே பழகுன வேலை.

விழாவை மார்கழியில, அரையாண்டு லீவுல வைக்கலாம்ங்கது என் யோசனை. ஆடியும் மார்கழியும் எங்க தொழில்ல முகூர்த்தம் கெடையாது, ப்ரொஜெக்டர், ஸ்பீக்கர், எடிட்டிங் சிஸ்டம் எல்லாம் சும்மாதான் தூங்குது, எனக்குத் தெரிஞ்ச ஸ்டுடியோக்காரங்க ஒண்ணு ரெண்டு பேருகிட்ட பேசிட்டேன், வாடகை இல்லாம தாரோம்னு சொல்லிருக்காங்க. அருங்காட்சியகத்துல ஒரு தேதியும் ஒரு ரூமும் சொன்னா போதும், வயர் மொதக்கொண்டு நாங்களே கொண்டாந்து மாட்டிருவோம். இந்தக் கடிதத்தை அவங்க பாக்குத பக்கத்துல போடுங்க ஆசிரியரே.

இப்படிக்கு
ஒரு வாசகர்,
பாளையங்கோட்டை