நாரா அரசியும் உன் அப்பத்தாவும்

பாப்பாவுக்கு,

போன ஞாயிறு நீ போனில் கேட்டதற்கு நான் வாயைத் திறப்பதற்குள் உன் பஸ் வந்துவிட்டது. "ஜென் ஹுவானும் கெட்டவளாகிட்டாம்மா, இனி யாருக்காகப் பார்க்கிறது, நான் நிறுத்திட்டேன்" என்றாய், அந்தச் சீன அரண்மனை நாடகத்தைத்தான். குரல் பதிவாக அனுப்பினால் ஒன்றரை மடங்கு வேகத்தில் ஓடவிட்டுக் கேட்பாய், பாதியில் வேறு வேலை வந்துவிடும். அதனால் உட்கார்ந்து எழுதுகிறேன்.

நீ நிறுத்திய இடம் எதுவென்று எனக்குத் தெரியும். அந்தக் குழந்தை பொய் சொல்கிற இடம்தானே? தன் வயிற்றில் இருக்கும் கரு தங்காது என்று ஜென் ஹுவானுக்குத் தெரிந்துபோகிறது. எப்படியும் போகப்போகிற கரு, அதைச் சும்மா போகவிடாமல், பேரரசி தள்ளிவிட்டதால்தான் கலைந்தது என்று பழியைத் திருப்புகிறாள். பேரரசன் யோங்செங் யாரை நம்புவது என்று தெரியாமல் நிற்கும்போது ஜென் ஹுவானின் சின்னஞ்சிறு மகள் லோங்யுவே வந்து, பேரரசி தள்ளியதை நான் பார்த்தேன் என்கிறாள். பக்கத்து வீட்டு ஆன்டி அந்த இடத்தில் தலையில் கைவைத்து "சாம்" என்றார். நம் ஈப்போவில் சாம் என்றால் கோப்பியும் தேநீரும் கலந்தது, ஐயோ பாவம் என்றாலும் சாம்தான். அன்று இரண்டு அர்த்தமும் சரியாகத்தான் இருந்தது.

நீ அங்கே நிறுத்திவிட்டாய். ஆனால் அப்படிப் பழி போடப்பட்ட பேரரசியை நாம் அறுபது பாகமாகத் திட்டிக்கொண்டிருந்தோம் இல்லையா, அவளை இன்னொரு தடவை பார். எடா சோய் நடித்தது. ஹாங்காங் நாடகத்தில் அவரைச் சின்னப் பெண்ணாகப் பார்த்தவள் நான், இதில் அந்த அடங்கின சிரிப்பைப் பார்த்தாலே எனக்கு வயிற்றைக் கலக்கும். எத்தனை கருவைக் கலைத்தாள், எத்தனை பேரைக் கொன்றாள். அவளுக்கும் ஒரு மழை இரவு உண்டு. மூன்று வயசுப் பையன் காய்ச்சலில் போய்விட்டான், அந்த உடம்பைக் கையில் ஏந்திக்கொண்டு விடிய விடிய மழையில் நடக்கிறாள். அதே நேரம், அதே புருஷனைக் கட்டிய அவள் அக்கா கர்ப்பம் என்று அவள் புருஷன் சந்தோஷப்பட்டுக்கொண்டிருக்கிறான். இதை நமக்கு முதல் பாகத்திலேயே சொல்லியிருந்தால் இவள்தான் கதாநாயகி. கடைசியில் சொல்கிறார்கள், அதற்குள் நாம் திட்டி முடித்துவிட்டோம்.

அவனுடைய இன்னொரு மனைவி ஹுவா ஃபெய் கதையும் அதேதான். வாய்த்துடுக்கு, கொலைகாரி, ஆனால் அந்த அரண்மனையில் பேரரசனை உண்மையாகவே நேசித்தவள் அவள் ஒருத்திதான் என்று எனக்குப் படுகிறது. அவளுக்கென்று பேரரசன் ஆசையாகக் கொடுத்த நறுமணப் பொடியில் கஸ்தூரி. அவளுடைய அண்ணன் படைத்தளபதி, அவளுக்குப் பிள்ளை பிறந்தால் ஆபத்து, அதனால் பிறக்கவே கூடாது. வருஷக்கணக்காக அதைப் புகைத்து, அவன் அன்பு என்று நினைத்து மோந்துகொண்டிருக்கிறாள். அது தெரியவந்த நிமிஷம் சுவரில் தலையை மோதிக்கொண்டு செத்தாள். அன்று ஆன்டிக்கும் எனக்கும் இரவுச் சாப்பாடு இறங்கவில்லை. இத்தனைக்கும் முந்தின வாரம்தான் "இவ எப்பச் சாவா" என்று இரண்டு பேரும் சபித்துக்கொண்டிருந்தோம்.

இது 2011இல் வந்தது, 76 பாகம். பிறகு அமெரிக்காவுக்கு அனுப்புகிறோம் என்று ஆறே ஆறு படமாக வெட்டினார்களாம். எதை வெட்டியிருப்பார்கள் என்று யோசித்தால் எனக்குச் சிரிப்புதான் வரும். மழையில் நடக்கிறதை வெட்டினால் மிச்சம் இருப்பது வெறும் சக்களத்திச் சண்டை.

சரி, இதற்காக நான் எழுத உட்காரவில்லை. நாரா அரசியைப் பற்றிச் சொல்லத்தான். அவளைப் பற்றி வந்த இரண்டு நாடகத்தையும் நீ பார்க்கவில்லை, அதனால் பொறுமையாகக் கேள். (கதையைச் சொல்லிவிட்டேன் என்று கோபிக்காதே, இருநூற்றைம்பது வருஷத்துக்கு முன்னால் நடந்ததற்கு என்ன ரகசியம்.)

சியான்லோங் பேரரசனுக்கு முதல் மனைவி ஃபுச்சா. 1748இல் பயணத்தின்போது இறந்துபோனாள், அவளுக்காக அவன் சாகும்வரை கவிதை எழுதிக்கொண்டிருந்தான். 1750இல் நாரா குலத்துப் பெண்ணைப் பேரரசி ஆக்கினான். 1765இல் தெற்கே சுற்றுப்பயணம் போகிறார்கள், ஹாங்சோவில் ஏதோ நடக்கிறது, அவளை மட்டும் பெய்ஜிங்குக்குத் திருப்பி அனுப்பிவிடுகிறான். அவள் தன் கூந்தலைத் தானே வெட்டிக்கொண்டாள் என்று பின்னால் அவனே சொன்னான். மஞ்சு வழக்கத்தில் பேரரசனோ அவன் தாயோ இறந்தால்தான் அவள் கூந்தலை வெட்ட வேண்டும். இரண்டு பேரும் உயிரோடு இருக்கும்போது வெட்டினால் என்ன அர்த்தம் என்று நீயே பார்த்துக்கொள். மறு வருஷம் இறந்தாள். அவன் வேட்டைக்குப் போயிருந்தான், திரும்பி வரவில்லை. ஒரு படி கீழே இறக்கி, மனைவிமாரில் ஒருத்திக்குச் செய்கிற சடங்கோடு முடித்து, தனிக் கல்லறைகூட இல்லாமல் இன்னொருத்தியின் கல்லறையில் கொண்டு வைத்தார்கள். ஏன் வெட்டினாள் என்று ஒரு வரி எழுதிவைக்க ஆள் இல்லை.

எழுதிவைக்காத அந்த ஒரு வரியில்தான் 2018இல் ஒரே கோடையில், ஒரு மாத இடைவெளியில், இரண்டு நாடகம் முளைத்தது. 'யான்ஷி பேலஸ்' 70 பாகம், அதில் நாரா வில்லி. 'ரூயி' 87 பாகம், அதில் அதே நாராதான் கதாநாயகி. நாங்கள் முதலில் யான்ஷியைப் பார்த்தோம். ஷார்மெய்ன் ஷே நடித்தது, உனக்கு ஞாபகம் இருக்கும், 2004இல் 'வார் அண்ட் பியூட்டி' ஓடியபோது ஆன்டி வீட்டுத் தரையில் படுத்து நீ வீட்டுப்பாடம் எழுதுவாய், அதில் வருவாரே. யான்ஷியில் தொடக்கத்தில் அவர்தான் நல்லவர், யாருக்கும் கெடுதல் நினைக்காத ஆள். தம்பி சிறையில் சாகிறான், காப்பாற்ற இவள் கையில் காசில்லை. நல்லவளாக இருந்து என்ன கிழித்தாய் என்று கேட்டுவிட்டு அம்மாவும் உயிரை விடுகிறாள். அதற்கப்புறம்தான் அந்த முகம் மாறுகிறது. அவர் கண்ணில் மை கொஞ்சம் கொஞ்சமாக ஏறுவதை ஆன்டிதான் எனக்குக் காட்டினார்.

பிறகு ரூயி. ஜோ ஷுன் நடித்தது. முதல் சில பாகம் கஷ்டம், பொய் சொல்ல மாட்டேன், நாற்பதைத் தாண்டியவர் பதினைந்து வயசுப் பெண்ணாகச் சிணுங்கினால் யார் நம்புவார்கள். அதைத் தள்ளிவிட்டு முப்பதாம் பாகத்துக்கு வா. சின்ன வயசில் விரும்பிக் கட்டிக்கொண்ட இரண்டு பேர், ஒருத்தரையொருத்தர் வெறுக்கக்கூட இல்லை, ஆனால் ஒவ்வொரு சந்தேகத்திலும் ஒரு நூல் அறுகிறது. அவன் பெரிய தப்பு எதையும் ஒரே நாளில் செய்வதில்லை. அவள் சொன்னதைக் கேட்டுக்கொண்டே வேறு எதையோ யோசிப்பான், அவ்வளவுதான். கல்யாணம் ஆன பிறகு நடக்கிற காதலை எடுக்க இவர்களுக்குத்தான் 87 பாகம் பொறுமை இருக்கிறது. நம்மிடம் தாலி கட்டியதும் 'சுபம்' போட்டுவிடுவார்கள். கடைசியில் ஹாங்சோவில் கத்தியை எடுத்துக் கூந்தலை அறுக்கிறாள் பார், நான் கத்தியெடுத்துக் குத்தப்போகிறாள் என்றே நினைத்தேன். செத்துப்போன யாருக்கோ துக்கம் காக்கிற மாதிரி, அவர்கள் இரண்டு பேரும் சின்னவர்களாக இருந்த காலத்துக்குத் துக்கம் காக்கிறாள். சீன வழக்கத்தில் கட்டிய முதல் மனைவியைக் கூந்தல் முடிந்தவள் என்பார்கள், கல்யாணத்தன்று இரண்டு பேர் முடியையும் சேர்த்து முடிச்சுப் போடுவார்கள். அந்த முடிச்சைத்தான் அவள் அறுத்தாள்.

யான்ஷி நாராவும் அதே ஊரில் அதே கூந்தலை வெட்டுகிறாள். அங்கே பார்க்கும்போது "ஒழிஞ்சா" என்று இருந்தது. இங்கே நான் இரண்டு நாள் யாரோடும் பேசவில்லை. ஆன்டி கேட்டார், ரெண்டில் எது நிஜம் என்று. எனக்கு என்ன தெரியும். கேமராவை யார் அறையில் வைத்தார்களோ அவள் நல்லவள்.

இங்கேதான் எனக்கு உன் அப்பத்தா ஞாபகம் வந்தது, பாப்பா.

இனிப்புப் பால் டின் கதை உனக்கு நூறு தடவை சொல்லியிருப்பேன். கல்யாணமான புதுசு, உன்னை மூன்று மாசம், எதைக் கண்டாலும் குமட்டல், கொஞ்சம் பால் கலக்கிக் குடிக்கலாம் என்று தேடினால் டின் இல்லை. இரண்டு ஓட்டை போட்டு, ஓட்டையில் தீக்குச்சி செருகி, எறும்பு வராமல் தண்ணீர்க் கிண்ணத்தில் நிற்கவைத்து, அந்தக் கிண்ணத்தையே தன் துணி அலமாரியில் வைத்துப் பூட்டியிருந்தார். சாவி இடுப்பில். இதைச் சொல்லும்போதெல்லாம் நீ அழுவாய், எனக்கு அது பிடிக்கும். என் நாடகத்துக்கு நல்ல ரசிகை நீ.

அவர் அறையில் கேமராவை வைத்தால் வேறு மாதிரி இருக்கும். பதினாலு வயசிலிருந்து ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர். உன் தாத்தா சம்பள நாளன்று கள்ளுக்கடையைத் தாண்டி வந்ததே கிடையாதாம். ஐந்து பிள்ளைகளுக்கு ஒரு டின் ஒரு வாரம் வர வேண்டும். பூட்டாமல் வைத்திருந்தால் இரண்டாம் நாளே காலி. அந்தச் சாவி இடுப்புக்கு வந்தது நான் அந்த வீட்டுக்கு வருவதற்கு முப்பது வருஷம் முன்னால். இதெல்லாம் எனக்கு அப்போதே தெரியும். உனக்குச் சொல்லவில்லை, சொன்னால் கதை வீணாகிவிடும்.

இதைவிட ஒன்று இருக்கிறது, அதை உன் அப்பாவிடம்கூடச் சொன்னதில்லை. அப்பத்தாவுக்குச் சர்க்கரை வந்து, கண் மங்கி, சாவி என் கைக்கு வந்த பிறகு, டாக்டர் இனிப்பு கூடாது என்று சொன்னது உண்மைதான். நான் நிறுத்தியதும் சரிதான். ஆனால் கடைசி வருஷம் டாக்டரே "இனி ஆசைப்பட்டதைக் கொடுங்கள்" என்று சொல்லிவிட்டார். ஒரு மாலை அவர் கட்டிலில் இருந்துகொண்டே, "ஒரு கரண்டி பால் ஊத்தேன் ஆத்தா, வாய் கசக்குது" என்றார். வீட்டில் இல்லை என்றேன். டின் சமையலறை அலமாரியில், கைக்கெட்டும் தூரத்தில், தண்ணீர்க் கிண்ணத்தில் நின்றுகொண்டிருந்தது. அவர் சரி என்று திரும்பிப் படுத்துக்கொண்டார். எனக்கு அப்போது சந்தோஷமாக இருந்தது. கொஞ்ச நேரம்தான், ஆனால் இருந்தது.

ஜென் ஹுவான் அந்தப் பழியைப் போட்டுவிட்டுப் படுக்கையில் கிடக்கும்போது முகத்தை அருகில் காட்டுவார்கள். அழுகிறாள், அந்த அழுகை முழுக்க நடிப்பும் இல்லை. நீ அந்த இடத்தில் நிறுத்திவிட்டாய். நான் அங்கேதான் ரிமோட்டைக் கீழே வைத்துவிட்டு ஒழுங்காகப் பார்க்க ஆரம்பித்தேன்.

இப்போது ஆன்டியும் நானும் 2020இல் வந்த ஒரு சோங் வம்ச நாடகம் பார்க்கிறோம், ரென்சோங் பேரரசனும் சாவ் பேரரசியும். இதில் கொலை குறைச்சல், உனக்குப் பிடிக்கும். 1048இல் நடு இரவில் காவல்காரர்களே அரண்மனைக்குள் புகுந்தபோது அவள் கதவை அடைத்து, எதிர்த்து நிற்கப்போகிற ஆட்களின் முடியைத் தன் கையால் கொஞ்சம் கொஞ்சம் வெட்டிவிட்டாள், நாளைக்கு இந்த அடையாளத்தைப் பார்த்துப் பரிசு என்று. நிஜமாக நடந்தது இது. புருஷன் உயிரைக் காப்பாற்றினாள், அதற்கப்புறம் அவன் அவளிடமிருந்து இன்னும் விலகித்தான் போனான். எப்போதும் சரியாகவே இருக்கிறவளோடு ஒரு மனுஷன் எப்படிப் படுப்பான் என்று ஆன்டி சிரிக்கிறார். உன் அப்பா இதைக் கேட்டுக்கொண்டே எதுவும் சொல்லாமல் பேப்பர் படிக்கிறார்.

நீ ஜென் ஹுவானை விட்ட இடத்திலிருந்து மறுபடி தொடங்கு, அறுபத்தெட்டோ என்னவோ. பார்த்துவிட்டு வாட்ஸ்அப்பில் போடு. குளிர் ஆரம்பித்துவிட்டது என்றாய், அந்த நீலக் கம்பளியை எடுத்து வெயிலில் போட்டாயா? பசியாறாமல் வேலைக்குப் போகாதே.

அலமாரிச் சாவி ரெண்டும் இன்னும் என்னிடம்தான் இருக்கிறது. அடுத்த தடவை வரும்போது அப்பத்தாவுடையதை நீ எடுத்துக்கொண்டு போ.

அம்மா