கைதடியில் இருந்து போன அண்ணைக்கு

அன்புள்ள அண்ணை,

என்னை உங்களுக்குத் தெரியாது. நான் கோப்பாய். உங்களைப் பற்றி எனக்குத் தெரிந்தது கிருசாந்தி கொலை வழக்கில் வந்த அளவுதான்: வயது 35, குமாரசாமி வீட்டுக்கு அயலவர். 1996 செப்ரெம்பர் 7, சனிக்கிழமை, அந்த வீட்டுப் பிள்ளை கிருசாந்தியைத் தேடி அவளின் தாயோடும் தம்பியோடும் செம்மணி ஆமிச் சென்றிக்குப் போனவர். உங்கள் பெயரும் தெரியும். உங்கள் வீட்டாரைக் கேட்காமல் அதை இங்கே எழுத மனம் வரவில்லை.

கிருசாந்தியின் பெயரை எல்லாரும் சொல்கிறார்கள், சொல்லத்தான் வேண்டும். சுண்டுக்குளி மகளிர் கல்லூரியில் உயர்தர இரசாயனவியல் சோதனை எழுதிவிட்டு வீடு திரும்பிய பிள்ளை. வழியில் அந்தச் சென்றியில் ஆமிக்காரர் மறித்தார்கள். செய்தி கைதடிக்கு வந்ததும் ரீச்சர், அவளின் தாய், வெளிக்கிட்டா. 16 வயது மகனும் வெளிக்கிட்டான். தாயும் தம்பியும் போனதற்கு ஒருவரும் காரணம் கேட்கமாட்டார்கள். நீங்கள் போனதைத்தான் நான் இத்தனை வருடமாக யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

அதற்கு ஒரு காரணம் இருக்கிறது அண்ணை.

அந்த வருடம் ஆடி மாதம் என் சின்னமாமா சைக்கிளில் யாழ்ப்பாணம் ரவுணுக்குப் போனவர். பின்னேரமாகியும் வரவில்லை. சென்றியில் இறக்கி வைத்திருக்கிறார்கள் என்று ஒரு பெடியன் வந்து சொன்னான். எனக்கு அப்போது ஒன்பது வயது. அம்மா செருப்பைப் போட்டுக்கொண்டு படலை வரைக்கும் போனதும், அம்மம்மா அவவின் கையைப் பிடித்து இழுத்து வந்ததும் கண்ணுக்குள் நிற்கிறது. "விடியட்டும் பிள்ளை, இருட்டப் போகுது" என்றா அம்மம்மா. அயல் முழுக்க வந்து எங்கள் முற்றத்தில் நின்றது. ஒருவரும் போகவில்லை. நான் அவர்களில் ஒருவரையும் குறை சொல்லமாட்டேன். அந்த நாளில் சென்றிக்குப் போய் ஆமிக்காரனிடம் ஆளைக் கேட்பது என்றால் என்னவென்று அங்கே நின்ற எல்லாருக்கும் தெரியும். உங்களுக்கும் தெரிந்திருக்கும். தெரிந்துதான் போனீர்கள்.

விடிந்ததும் அம்மா போனா. "அப்படி ஒருவரும் இங்கே இல்லை" என்றார்கள். அந்தப் பதிலைத்தான் அந்த வருடம் யாழ்ப்பாணத்தில் நூற்றுக்கணக்கான வீடுகளுக்குச் சொன்னார்கள் என்பது பிறகுதான் தெரிந்தது. ஒவ்வொரு வீடும் அதைத் தன் வீட்டுத் துக்கமென்று தனியே வைத்திருந்தது.

உங்களுடைய விடயத்தில் அந்தப் பதில் எடுபடவில்லை. ஒரே நாளில் நாலு பேர், ஒரே சென்றிக்குப் போய்த் திரும்பவில்லை. கிட்டத்தட்ட ஒன்றரை மாதத்துக்குப் பிறகு உங்கள் நாலு பேரின் உடல்களையும் எடுத்தார்கள். கொழும்பு மேல் நீதிமன்றத்தில் வழக்கு நடந்தது. 1998 ஜூலையில் தீர்ப்பு வந்தபோது, மரண தண்டனை பெற்ற ஆமிக்காரன் சோமரத்ன ராஜபக்ச, செம்மணியில் இன்னும் 300, 400 பேர் புதைக்கப்பட்டிருப்பதாகச் சொன்னான். அதுவரை செம்மணி எங்களுக்கு உப்பு வெளியும் வயலும் காற்றும்தான். வீட்டில் அம்மா பேப்பரை மடித்து சாமிப் படத்தடியில் வைத்தா. பிள்ளையைத் தேடி நீங்கள் மூன்று பேரும் போயிராவிட்டால் அந்த வாய் திறந்திருக்காது என்பது என் முடிவு. சட்டம் படித்தவர்கள் வேறு காரணம் சொல்லக்கூடும்.

1999இல் கிண்டினார்கள். 15 பேர் வந்தார்கள். அதில் இரண்டு பேரை உறவினர் அடையாளம் காட்டினார்கள். மாமா இல்லை. அதோடு மண்ணை மூடினார்கள்.

பிறகு 2025 மாசியில் செம்மணியில் உள்ள சித்துப்பாத்தி மயானத்தில் தகனக் கட்டடத்துக்கு அத்திவாரம் வெட்டும்போது எலும்பு வந்தது. புரட்டாதிக்குள் 240 எலும்புத்தொகுதிகள் ஆகிவிட்டன. 4, 5 வயது மதிக்கத்தக்க ஒரு பிள்ளை, பக்கத்தில் நீலப் புத்தகப் பை, ஒரு பொம்மை. அதற்கு மேல் என்னால் இதை எழுத முடியவில்லை.

மற்ற இடங்களையும் பாருங்கள் அண்ணை. மன்னாரில் சதொச கடைக் கட்டடத்துக்குக் கிண்டினார்கள். கொக்குத்தொடுவாயில் தண்ணீர்க் குழாய்க்குக் கிண்டினார்கள். 2012இல் மாத்தளையில் வைத்தியசாலை வளவில் வேறு வேலைக்குக் கிண்டினார்கள், 150 பேருக்கு மேல் வந்தார்கள். ஒன்றும் தேடிக் கிண்டி வந்ததல்ல. மாத்தளை எலும்புகள் 1980களின் கடைசியில் கொல்லப்பட்டவர்களுடையவை என்று சொன்னவர் தொல்லியல் பேராசிரியர் ராஜ் சோமதேவ. அதே மனிதர்தான் கொக்குத்தொடுவாயிலும் செம்மணியிலும் தூரிகையோடு குனிந்து நின்றார். ஜே.வி.பி. கிளர்ச்சி நடந்த அந்தக் காலத்தில் தெற்கில் பறிபோனவை பெரும்பாலும் சிங்களப் பிள்ளைகள். அந்தத் தாய்மாரிடமும் "இங்கே இல்லை" என்றுதான் சொல்லியிருப்பார்கள். என் அம்மாவுக்கு ஒரு சொல் சிங்களம் தெரியாது. மாத்தளைச் செய்தியை ரீவியில் பார்த்துவிட்டு அன்றைக்கு அவ சாப்பிடவில்லை.

2025 ஓகஸ்ட் 5ஆம் திகதி, நீதிமன்ற உத்தரவுப்படி, குழியில் எடுத்த பொருட்களை அடையாளம் காணச் சனத்தைக் கூப்பிட்டார்கள். அம்மாவையும் கூட்டிக்கொண்டு போனேன். மாமா அன்றைக்குக் கட்டியிருந்தது பச்சைக் கோடு போட்ட சாரம். 29 வருடமாக அம்மா மனதுக்குள் வைத்திருக்கும் அடையாளம் அது ஒன்றுதான். உடுப்பு, செருப்பு, வளையல் எல்லாம் விரித்து வைத்திருந்தார்கள். சனம் கோயிலில் சுற்றுவது போல மெல்ல நகர்ந்தது, சத்தமில்லை.

எங்களுக்கு முன்னால் அரியாலை அம்மா ஒருவர். மகனுடையது சிவப்புச் சேட் என்றா. என் அம்மா உடனே, "நான் சிவப்பைப் பாக்கிறன், நீங்கள் பச்சைச் சாரத்தைப் பாருங்கோ" என்றா. இரண்டு பேரும் மற்றவரின் பிள்ளையைத் தேடிக்கொண்டு போனார்கள். எனக்கு உங்கள் நினைவு வந்தது.

இரண்டும் கிடைக்கவில்லை.

வெளியில் வந்து வேலிக்கரையில் இருந்து கதைத்தபோதுதான் தெரிந்தது, 1995இல் வலிகாமமே இடம்பெயர்ந்த நேரம் அவர்களும் நாங்களும் கைதடியில்தான் இருந்திருக்கிறோம், ஒழுங்கை ஒன்று தள்ளி. ஒரே கிணற்றில் தண்ணி அள்ளியிருக்கிறோம். யாருடைய கிணறு என்று இரண்டு பேருக்கும் தெரியவில்லை. அது உங்களுடையதாகவும் இருக்கலாம் அண்ணை. அந்த மாதங்களில் கைதடிச் சனம் படலையைப் பூட்டவில்லை என்று அம்மா இப்போதும் சொல்லுவா.

அதே நாட்களில் பேப்பரில் இன்னொன்றும் வந்தது. சர்வதேச விசாரணை நடந்தால், இன்னும் சிறையில் இருக்கும் தன் கணவர் சாட்சி சொல்வார் என்று சோமரத்ன ராஜபக்சவின் மனைவி சனாதிபதிக்குக் கடிதம் எழுதியிருக்கிறா. எனக்கு அவவின் மீது என்ன உணர்வு வரவேண்டும் என்று தெரியவில்லை. ஆனால் மாமா எங்கே கிடக்கிறார் என்பது எங்களைவிட அந்த வீட்டுக்கு அருகில் இருக்கிறது. அவன் சாவதற்கு முன் அவனைக் கேட்க வேண்டும், முறையாகக் கேட்க வேண்டும். இதை நான் யாரிடமும் சொல்லத் தயங்கமாட்டேன்.

அன்று வீட்டுக்கு வரும் வழியில் செம்மணி வளைவைத் தாண்டியதும் அம்மாவிடம் உங்களைப் பற்றிச் சொன்னேன். அயல்வீட்டுக்காரர், அவரும் கூடப் போனவர் என்றேன். அம்மா கனநேரம் வயலைப் பார்த்துக்கொண்டு வந்தா. பிறகு ஒன்றே ஒன்று கேட்டா:

"அண்டைக்கு அந்தத் தம்பி சாப்பிட்டிட்டோ போனவர்?"