புச்சாச் மரபுச் சங்கம், மேற்கு உக்ரைன்: செயலாளரின் ஆண்டறிக்கை

தலைவர் அவர்களுக்கும், சிரமம் பாராமல் வந்திருக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம். வராதவர்களுக்கு இவ்வறிக்கை தபாலில் போகும். சந்தா நினைவூட்டலும் அதே உறையில் இருக்கும்.

ஸ்திரிபா ஆற்றங்கரை துப்புரவு செய்யப்பட்டது. கோட்டை இடிபாடுகளில் மண்டிய புதர்கள் வெட்டப்பட்டன. பள்ளி மாணவர்களை யூதக் கல்லறைத் தோட்டத்துக்கு அழைத்துச் சென்றோம். நிர்வாகக் குழு வழக்கம்போல் கூடியது. போதிய உறுப்பினர் வராமல் கலைந்ததும் உண்டு.

நகர மன்றக் கட்டடத்தின் எதிரே வைக்கவேண்டிய தகவல் பலகையைப் பற்றி மட்டும் விரிவாகச் சொல்லியாக வேண்டும். செயலாளர் தன்னிச்சையாக வாசகம் எழுதிவிட்டார் என்று வெளியில் பேசுகிறார்கள். வரைவைக் கூட்டத்தில் முழுமையாக வாசித்தேன். இன்று குறை சொல்பவர்களின் கையெழுத்து அன்றைய வருகைப் பதிவேட்டில் இல்லை.

நகர மன்றத்தைப் பற்றி "கட்டடக் கலைஞர் மெரெத்தின் கட்டினார், சிற்பி பின்சல் சிலை வடித்தார்" என்று ஒரு வரி போதுமாம். போதாது. பின்சல் எங்கே பிறந்தார் என்பதே உலகுக்குத் தெரியாது. அவர் வாழ்க்கையில் உறுதியாகத் தெரிந்த கொஞ்சமும் நம் ஊர்ப் பதிவேடுகளிலிருந்து வந்ததுதான்: 1751இல் இங்கே திருமணம், 1762இல் அவருடைய விதவையின் மறுமணம். இறந்த நாளைக்கூட அதை வைத்துத்தான் ஊகிக்கிறார்கள். அவருக்கு 2012இல் பாரிஸின் லூவர் அருங்காட்சியகம் கண்காட்சி நடத்தியது. நாம் ஒரு பலகைக்குத் தள்ளாடுகிறோம்.

போலந்துக்காரர்களையும் யூதர்களையும் எதற்கு இழுக்கவேண்டும் என்பது அடுத்த ஆட்சேபம். 1515இல் ஊருக்கு மாக்டெபர்க் உரிமை, அதாவது நகரத் தன்னாட்சி உரிமை, கிடைத்தது போலந்து ஆட்சியில். கட்டடத்துக்குப் பணம் கொடுத்த மிக்கோலாய் பொத்தோத்ஸ்கி போலந்துப் பிரபு. 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஊர்மக்களில் பாதிக்கும் மேற்பட்டோர் யூதர்கள். சந்தையை நடத்தியதில் பெரும்பங்கு அவர்களுடையது. 1728இல் எழுந்த அவர்களுடைய பெரிய தொழுகைக்கூடம் இன்று இல்லை. 1966இல் இலக்கிய நோபல் பரிசு பெற்ற ஹீப்ரு எழுத்தாளர் அக்னோன் இவ்வூரில் பிறந்தவர். நாஜிகள் யூதர்களை அடைத்து வைத்த வார்சா கெட்டோவின் ரகசிய ஆவணக்காப்பகத்தை உருவாக்கிய ரிங்கல்பிளமும் இவ்வூர்க்காரர். நாஜிகள் சுட்டுக்கொன்று ஃபெடிர் குன்றின் புதைகுழிகளில் கிடப்பவர்கள் எந்த ஊர்க்காரர்களாம்? வாசகத்தில் ஒரு சொல்லையும் மாற்றப்போவதில்லை.

பலகை தயார். பட்டறையில் சாக்கு சுற்றிச் சுவரோரம் சாய்த்து வைத்திருக்கிறார்கள். ஓரத்தைக் கொஞ்சம் விலக்கினால் பலகைப் படத்தில் பின்சல் வடித்த ஹெர்குலிஸின் தோள் தெரிகிறது. மீதிப் பணம் கொடுக்காமல் தரமாட்டார்கள். அவர்கள் கேட்பதில் தவறில்லை.

வரவும் செலவும் ஏறக்குறைய சரியாகவே இருக்கின்றன; விவரம் பொருளாளரிடம் உண்டு. சந்தா நிலுவைதான் பெரிது. 1672இல் புச்சாச் உடன்படிக்கையில் போலந்துத் தரப்பினர் துருக்கிய சுல்தானுக்குக் கப்பம் கட்ட ஒப்புக்கொண்டார்கள்; பிறகு போலந்து நாடாளுமன்றம் அதை ஏற்க மறுத்துவிட்டது. உறுப்பினர் சிலர் அம்மரபை இன்னும் பேணுகிறார்கள். போர்முனையில் இருப்பவர்களைச் சொல்லவில்லை. அவர்கள் பெயருக்கு எதிரே நிலுவை எழுதுவதில்லை என்று தீர்மானித்திருக்கிறோம். கடைத்தெருவில் என்னைக் கண்டதும் எதிர்ப்பக்கம் போகிறவர்களைச் சொல்கிறேன்.

தலைவர், பொருளாளர், கூட்டத்துக்கு அறை தந்தவர்கள், தேநீர் போட்டவர்கள் அனைவருக்கும் நன்றி.

அடுத்த ஆண்டு இப்பொறுப்பை இளையவர் எவரேனும் ஏற்றால் மகிழ்ச்சியுடன் ஒப்படைப்பேன். எவரும் முன்வராவிட்டால் தொடர்வதில் எனக்கு ஆட்சேபமில்லை. ஆனால் பலகை சதுக்கத்துக்கு வந்தாக வேண்டும். பொருளாளர் ரசீதுப் புத்தகத்துடன் கதவருகே அமர்ந்திருக்கிறார். வெளியே போக வேறு வழி கிடையாது.