கூரைப் படங்கள் மங்குவது ஏன்?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கூரையின் வெடிப்பையும் நீர்க்கசிவையும் ஏணி வைத்து ஏறிப் பார்ப்பதற்குப் பதிலாக, ட்ரோன் எடுத்த படங்களைக் கொண்டே பழுதை மதிப்பிடும் வழக்கம் இப்போது பரவியுள்ளது. அத்தகைய படங்களைப் பார்த்து அறிக்கை எழுதும் பணியில் இருப்பவன் நான். என்னிடம் வந்து பயனற்றுப்போகும் படங்களில் பல, மலிவான கருவியால் கெட்டவை அல்ல. கேமராவைத் தானியங்கி அமைப்பிலேயே விட்டுவிட்டதால் கெட்டவை.

முதலில் கவனிக்க வேண்டியது ஷட்டர் வேகம், அதாவது ஒரு படத்துக்காகக் கேமரா ஒளியை உள்ளே விடும் நேரம். ஓரங்குல சென்சார் (ஒளியைப் பதியும் சில்லு), 20 மெகாபிக்சல், 8.8 மில்லிமீட்டர் குவியத் தூரம் கொண்ட கேமரா, கூரைக்கு 10 மீட்டர் மேலே நின்றால், படத்தின் ஒரு பிக்சல் கூரையில் ஏறத்தாழ 2.7 மில்லிமீட்டர் அகலத்தைக் காட்டும். அந்த ட்ரோன் வினாடிக்கு 3 மீட்டர் வேகத்தில் நகர்ந்துகொண்டே 1/60 வினாடியில் படம் எடுத்தால், ஷட்டர் மூடுவதற்குள் அது 5 சென்டிமீட்டர் கடந்துவிடுவதால், மெல்லிய வெடிப்பு பதினெட்டு பிக்சல் தூரத்துக்கு இழுபட்டு மறைந்துபோகும். 1/1000 வினாடியில் எடுத்தால் அந்த இழுவை ஒரு பிக்சல் அளவில் நின்றுவிடும். ஒவ்வொரு படத்துக்கும் ட்ரோனை ஓரிரு வினாடி அந்தரத்தில் நிறுத்தி எடுப்பது இதைவிடவும் நல்லது. வீடியோவுக்காக மாட்டிய, ஒளியைக் குறைக்கும் கறுப்பு வடிகட்டியைக் கழற்ற மறந்துவிட்டு, ஷட்டர் ஏன் இவ்வளவு மெதுவாகிறது என்று வியப்பவர்களையும் கண்டிருக்கிறேன்.

வெளிச்சம் குறைந்தால் ஷட்டரை மெதுவாக்குவதைவிட, ஒளிக்கான உணர்திறனைக் குறிக்கும் ஐஎஸ்ஓ எண்ணை 100இலிருந்து 400க்கு உயர்த்துவதே மேல். அதனால் தோன்றும் புள்ளிகளைக் கணினியில் ஓரளவு குறைக்கலாம், இழுபட்ட வெடிப்பை மீட்க வழியில்லை.

அடுத்தது ஒளி அளவு. தானியங்கி அளவி எதைப் பார்த்தாலும் அதை நடுத்தரச் சாம்பலாகக் காட்டவே முயலும் என்பதால், வெள்ளை பூசிய தளம் சட்டகத்தை நிறைக்கும்போது படம் இருண்டும், கருமையான ஓட்டுக் கூரை நிறைக்கும்போது வெளுத்தும் போகிறது. வெள்ளைத் தளத்துக்கு ஒளி அளவைச் சற்றே கூட்டியும், ஓட்டுக்குச் சற்றே குறைத்தும் வைக்க வேண்டும். வெயிலில் பளபளக்கும் உலோகத் தகட்டிலோ, வெள்ளையாய் வெந்துபோன பகுதியில் எந்தத் தகவலும் எஞ்சாது; அங்கே குறைத்து எடுப்பதும், ரா கோப்பாக, அதாவது கேமரா பதப்படுத்தாத தரவாக, சேமிப்பதும் பாதுகாப்பு. படத்தின் நிறச் சாயலைத் தீர்மானிக்கும் வெள்ளைச் சமநிலையையும் ஒரே எண்ணில், பகலொளிக்கு 5500 கெல்வின் அளவில், நிலைநிறுத்துவது நல்லது. அது படத்துக்குப் படம் மாறினால், ஈரக் கறையையும் நிழலையும் நிறத்தை வைத்துப் பிரித்தறிய முடியாமல் திணற நேரிடுகிறது.

கூரைப் படம் எடுக்கச் சொல்வோருக்கும் ஒரு வேண்டுகோள். படங்களை வாட்ஸ்அப்பில் சாதாரணப் படமாகப் பெறாமல், மூலக் கோப்பாகவே கேட்டு வாங்குங்கள். ஷட்டர் வேகமும் ஐஎஸ்ஓவும் அக்கோப்பிலேயே பதிவாகியிருக்கும் என்பதால், மங்கலுக்கான காரணத்தை அங்கேயே பார்த்துவிடலாம். ஊழியர் அங்கிருந்து கிளம்பும் முன்பே மறுபடி எடுக்கச் சொல்லவும் முடியும்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்