ஊரைக் கேட்டால் சொல்

அன்பு மகனுக்கு அப்பா எழுதுவது. இங்கே யாவரும் நலம். உன் நலத்தை அக்கா சொல்லித்தான் தெரிந்துகொள்கிறோம். பாஸ்போர்ட்டை நீயே வைத்திரு, முதலாளி கேட்டாலும் கையில் கொடுக்காதே.

உன்னோடு வேலை பார்க்கும் மலேசியாத் தமிழர்கள், பர்மாவில் ஏது தமிழ் ஊர் என்று கேட்டார்களாம். நீ பேசாமல் இருந்துவிட்டாயாம். ஏன் தம்பி? சொல்லக் கூசும்படி நம் ஊர் என்ன செய்தது?

பெகுவுக்கும் சித்தாங் ஆற்றுக்கும் நடுவே, வாய்க்கால் பக்கம் என்று சொல். ஆற்று வாயில் கடல் ஏறும்போது தண்ணீர் சுவர் மாதிரி எழும்பி வரும், படகு தாங்காது. அதனால்தான் வெள்ளைக்காரன் பெகுவிலிருந்து வாய்க்கால் வெட்டினான். 1852 சண்டையில் கீழ்ப் பர்மாவைப் பிடித்தவனுக்கு 1869இல் சூயஸ் கால்வாய் திறந்ததும் சீமைக்கு அரிசி ஏற்றும் ஆசை வந்தது. நாணல் மண்டிய சதுப்பெல்லாம் வயலாயிற்று. செட்டியார்கள் கடன் கொடுத்தார்கள், மேஸ்திரிகள் ஆள் சேர்த்தார்கள். உன் பூட்டனார் அப்படிக் கப்பலேறியவர்தான். வைகாசி முடிந்து மழை பிடித்தால் ஐப்பசி வரை முழங்கால் தண்ணீர். அதிலேதான் நாற்று நட்டார்.

1931 கணக்கெடுப்பில் பர்மாவில் இந்தியர் பத்து லட்சத்துக்கு மேல். 1942இல் ஜப்பான்காரன் வந்ததும் ஊரில் பாதிப்பேர் அரக்கான் மலை வழியாக இந்தியாவுக்கு நடந்தார்கள். பெரிய பாட்டியின் தங்கை கதை உனக்கே தெரியும். மிஞ்சியவர்களில் பலரை 1964 கொண்டுபோயிற்று. கடைகளை அரசாங்கம் எடுத்துக்கொண்டது, ஐம்பது, நூறு சாட் நோட்டு செல்லாது என்றார்கள். சின்னத் தாத்தா மெட்ராஸ் கப்பல் ஏறினார். தாத்தா ஏறவில்லை, அம்மனுக்கு விளக்கு யார் வைப்பது என்று கேட்டாராம். அந்தக் கோயில் திண்ணையில்தான் எனக்குத் தமிழ் எழுத்து, உனக்கும் அங்கேதான். உன் தமிழை அங்கே மெச்சுகிறார்கள் என்று அக்கா சொன்னபோது அம்மா தெருவெல்லாம் சொல்லிவிட்டு வந்தாள். அப்படிப்பட்டவன் ஊரைக் கேட்டால் வாய் திறக்காமல் நிற்பாயா?

இப்போது ஜனம் எவ்வளவு என்று கேட்டால் என்ன சொல்வது? 2024 பிப்ரவரியில் கட்டாயமாகப் பட்டாளத்தில் சேர்க்கும் சட்டத்தை அமலுக்குக் கொண்டுவந்த பிறகு பதினெட்டிலிருந்து முப்பத்தைந்துக்குள் ஆண்பிள்ளை யாரும் வீடு தங்கவில்லை. இந்த வருஷம் தீமிதிக்குக் கரகம் தூக்கியவர் மேலத்தெரு மாமாதான், அந்த முட்டிவலியோடு. அக்டோபரில் கணக்கெடுக்க வந்தார்கள். உன் பெயரைச் சொல்வதா வேண்டாமா என்று அம்மா என் முகத்தைப் பார்த்தாள். சொன்னேன். நம் வீட்டில் பிறந்தவன் இல்லையென்று எப்படிச் சொல்வேன்?

வா என்று எழுதவில்லை. இப்போது வராதே. பணமும் அனுப்ப வேண்டாம், நெல் விற்ற காசு இருக்கிறது. ராத்திரி உன் போனில் பச்சை விளக்கு எரிகிறது என்று அம்மா காட்டுகிறாள். வேலை அசதியாக இருக்கும் என்று சொல்லிவைத்திருக்கிறேன்.

1982 குடியுரிமைச் சட்டம் வந்த பின் காகிதம் இல்லாதவன் பாடு என்ன என்று சின்ன மாமாவிடம் பார்த்தாயே. பாஸ்போர்ட் உன்னிடம்தானே இருக்கிறது? தேதி எப்போது முடிகிறது? எங்களிடம் பேச முடியாவிட்டால் அதை மட்டும் அக்காவிடம் சொல்.

இப்படிக்கு,
அப்பா