பாய்லர் ரூமில் தொங்க வேண்டிய காகிதம்

ஆசிரியருக்கு வணக்கம்.

மாடியில் துணி காயப்போட்டால் கரும்புள்ளி விழுகிறது, பக்கத்துச் சாய ஆலைக்கு யார்தான் அனுமதி கொடுத்தது என்று திருப்பூர் வாசகி ஒருவர் போன வாரம் உங்கள் பத்திரிகையில் கேட்டிருந்தார். அனுமதி இருக்கும் அம்மா, பெரும்பாலும் இருக்கும். அதில் என்ன எழுதியிருக்கிறது என்பதுதான் உங்களுக்கும் தெரியாது, அந்த பாய்லருக்கு விறகு போடுகிறவனுக்கும் தெரியாது. அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன்.

நான் இரண்டாம் வகுப்புச் சான்று பெற்ற பாய்லர் ஆபரேட்டர். பனியன் துணிக்குச் சாயம் ஏற்றும் ஆலைகளில் தலை நரைக்கும்வரை வேலை பார்த்துவிட்டு இப்போது வீட்டோடு இருக்கிறேன். எந்த ஆலையின் பெயரையும் இங்கே இழுக்கப் போவதில்லை.

1981-ஆம் ஆண்டு காற்று மாசு தடுப்புச் சட்டத்தின் 21-ஆம் பிரிவுப்படி, இந்த மாதிரி ஆலையை மாசு கட்டுப்பாட்டு வாரியத்தின் இசைவாணை, அதாவது எழுத்து அனுமதி, இல்லாமல் கட்டவும் கூடாது, ஓட்டவும் கூடாது. கட்டுவதற்கு ஒன்று, ஓட்டுவதற்கு ஒன்று. விண்ணப்பம் போய்ச் சேர்ந்த நான்கு மாதத்துக்குள் வாரியம் கொடுக்க வேண்டும், அல்லது மறுக்க வேண்டும். தண்ணீருக்குத் தனிச் சட்டம், தனி இசைவாணை. ஆலையில் எல்லோரும் ‘கன்சென்ட்’ என்றுதான் சொல்வார்கள். அந்தக் காகிதத்துக்கு எவ்வளவு பலம் என்பதைத் தூத்துக்குடியில் பார்த்தோம். 2018 ஏப்ரலில் தாமிர ஆலையின் இசைவாணையைப் புதுப்பிக்க வாரியம் மறுத்தது. அந்த வழக்கு உச்ச நீதிமன்றம்வரை போய், 2024 பிப்ரவரியில் ஆலைத் தரப்பின் மனு தள்ளுபடியானது.

சின்ன பாய்லர் கதைக்கு வருகிறேன். மணிக்கு 2 டன்னுக்குக் குறைவாக நீராவி தரும் பாய்லர், ஒரு கன மீட்டர் புகையில் 1200 மில்லிகிராம் தூசுவரை விடலாம். 2 டன்னிலிருந்து 10 டன்னுக்குள் என்றால் 800. 10-லிருந்து 15-க்குள் 600. 15 டன்னும் அதற்கு மேலும் போனால் ஒரேயடியாக 150-க்கு இறங்கிவிடும். புகைபோக்கி உயரத்துக்கும் இதே மாதிரி படிக்கணக்கு உண்டு: 2 முதல் 5 டன்வரை 12 மீட்டர், 5 முதல் 10 டன்வரை 15 மீட்டர். சிறு முதலாளி வாழட்டும் என்று வைத்த சலுகை இது, புரிகிறது. ஆனால் பெரிய பாய்லர் ஊருக்கு வெளியே இருக்கும். 3 டன் பாய்லர்தான் வீடுகளுக்கு நடுவில், அங்கன்வாடிக்குப் பின்னால் இருக்கும். சலுகை யார் தலையில் விழுகிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

இந்த 800-ஐக் காப்பாற்றுவதும் கெடுப்பதும் முதலாளி அல்ல, இரவு ஷிப்டில் நிற்கிற ஆள். சீமைக்கருவேல விறகு லாரியில் வரும். மழைக்காலத்தில் நனைந்தே வரும். ஈர விறகைத் திணித்தால் அனல் இறங்கும். அனல் இறங்கினால் பிரஷர் விழும், பிரஷர் விழுந்தால் சாயத்தொட்டியில் சூடு போதாது, டையிங் மாஸ்டர் ஓடி வருவார். உடனே இன்னும் இரண்டு கட்டை. கதவை அடிக்கடி திறந்தாலும் கெடுதல், காற்றைக் கூட்டிக் குறைக்கும் தகடான டேம்பரை மூடியே வைத்தாலும் கெடுதல். காற்றுப் போதாத நெருப்பு கரும்புகையாகத்தான் வரும்.

அடுத்தது சைக்ளோன். புகையைச் சுழற்றிச் சாம்பலைக் கீழே தள்ளுகிற கூம்பு அது. பெரிய துகளைத்தான் பிடிக்கும்; நுரையீரலுக்குள் போகிற பொடித்தூசு அதற்கு அகப்படாது. பெரிய துகளைப் பிடிக்கவும்கூட அடியில் சாம்பல் பெட்டியை வேளாவேளைக்குக் காலி செய்ய வேண்டும், மூடி இறுக்கமாக இருக்க வேண்டும். மூடி வழியாகக் காற்று கசிந்தால் விழுந்த சாம்பலை, புகையை இழுத்து வெளியே தள்ளும் ஐடி ஃபேன் மறுபடி மேலே இழுத்துக்கொண்டு போய்விடும். இரவு ஒரே ஆள் விறகும் போட்டு, தண்ணீர் மட்டமும் பார்த்து, சாம்பலும் வாரினால் எது நிற்கும்? சாம்பல்தான் நிற்கும்.

வாரியத்தில் இருந்து புகையை அளக்கும் ‘சர்வே’க்கு வருகிற நாள் வேறு. காய்ந்த விறகு முதல் நாளே கட்டிப்போட்டிருக்கும். புகைபோக்கியின் ஏணி, நிற்க மேடை, குழாய் விடும் ஓட்டை எல்லாம் சரியாக இருக்கும். டேம்பரைத் தாராளமாகத் திறந்துவிட்டால் புகை மெலிந்து தெரியும், தப்பிக்கலாம் என்று சில சூப்பர்வைசர்கள் நினைப்பார்கள். அது நடக்காது. எவ்வளவு காற்றைக் கலந்தாலும் 12 சதவீதக் கரியமில வாயு என்ற ஒரே அளவுக்குத் திருப்பித்தான் கணக்குப் போடுவார்கள். கணக்கில் ஓட்டை இல்லை. அந்தப் பகல் எப்படிப் போனது என்பதைத்தான் கணக்கு சொல்லும், மற்ற இரவுகளைச் சொல்லாது.

திருப்பூரில் மாசு என்றால் சாயத்தண்ணீர்தான். 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் ஆலைகளை மூடச் சொன்னது யாருக்கு மறக்கும்? அதன்பின் ஒரு சொட்டுக் கழிவும் வெளியே போகக் கூடாது என்ற விதி இறுகியது, ஆற்றுக்கு நல்லதுதான். ஆனால் சாயத்தண்ணீரை வடிகட்டும் ஆர்.ஓ.வில் மிஞ்சுகிற உப்புத்தண்ணீரைக் காய்ச்சி வற்ற வைக்க வேண்டும். அதற்கு நீராவி வேண்டும், நீராவிக்கு விறகு வேண்டும். தண்ணீரைச் சுத்தம் செய்ய எரிகிற விறகின் புகை எங்கே போகிறது என்று அப்போதும் யாரும் கேட்கவில்லை, இப்போதும் அதிகம் கேட்பதில்லை.

பாய்லர் ரூமுக்குள் போய்ப் பாருங்கள். பாய்லர் ஆய்வுச் சான்று கண்ணாடிச் சட்டம் போட்டுச் சுவரில் தொங்கும். எத்தனை கிலோ பிரஷருக்கு மேல் போகக் கூடாது என்று கேட்டால், பள்ளிக்கூடம் போகாத ஹெல்பர்கூட ‘பத்து அம்பத்து நாலு’ (10.54) என்பான். பாய்லர் வெடித்தால் முதலில் சாகிறவன் அவன், தெரிந்துதான் ஆக வேண்டும். புகையில் எத்தனை மில்லிகிராம் விடலாம் என்று கேட்டுப் பாருங்கள், முழிப்பான். கன்சென்ட் ஆபீஸ் பீரோவில், கணக்குப்பிள்ளையின் ஃபைலில், ஆங்கிலத்தில் இருக்கிறது. எந்த பாய்லர், என்ன எரிபொருள், எவ்வளவு உயரம், என்ன கருவி, எவ்வளவு அளவு என்று எல்லாம் அதில் இருக்கிறது. நான் வேலை பார்த்த ஓர் இடத்திலும் அதை என் கையில் கொடுத்துப் படிக்கச் சொன்னதில்லை.

வாரியத்துக்கு ஒரே ஒரு கோரிக்கை. இசைவாணையின் காற்று சம்பந்தமான நிபந்தனைகளை ஒரு பக்கத் தமிழில் எழுதி, ஒன்றை பாய்லர் ரூமிலும் ஒன்றை ஆலை கேட்டிலும் மாட்ட வேண்டும் என்பதையும் நிபந்தனையாகச் சேர்க்க வேண்டும். புதுமை ஒன்றும் இல்லை. அபாயகரமான கழிவைக் கையாளும் ஆலைகள் கேட்டில் தகவல் பலகை வைக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2003-லேயே சொல்லி, பல இடங்களில் பலகை நிற்கிறது. விறகு பாய்லருக்கு ஒரு ஃபிளெக்ஸ் அடிக்க முதலாளிக்கு ஒரு நாள் டீச் செலவுகூட ஆகாது.

2024 ஏப்ரலில் இருந்து இந்தக் காற்றுச் சட்டத்தில் பல குற்றங்களுக்குச் சிறைக்குப் பதில் 10,000 ரூபாய் முதல் 15 லட்சம்வரை அபராதம் என்று ஆகிவிட்டது. சிறைக்குப் பயந்து யாரும் சைக்ளோனைச் சுத்தம் செய்து நான் பார்த்ததில்லை, அதனால் எனக்கு அதில் பெரிய வருத்தம் இல்லை. கரண்ட்டை வெட்டச் சொல்லும் 31-ஏ பிரிவு அப்படியே இருக்கிறது. ஆலைக்காரர் பயப்படுவது அதற்குத்தான்.

வாசகிக்கு: நேரத்தையும் நிறத்தையும் ஒரு நோட்டில் எழுதுங்கள். விடியற்காலை பாய்லரைப் பற்ற வைக்கும்போது கொஞ்ச நேரம் கருப்பாக வருவது இயல்பு. அப்புறமும் கருப்பாகவே இருந்தால் காற்றுப் போதவில்லை. அடர்ந்த வெள்ளை என்றால் அநேகமாக ஈர விறகு. புகையே தெரியாமல் துணியில் கரி விழுந்தால் சைக்ளோனைப் பாருங்கள். உங்கள் கடிதத்தைப் படித்தால் எனக்கு அப்படித்தான் படுகிறது. பிறகு அந்த நோட்டோடு வாரியத்தின் மாவட்டச் சுற்றுச்சூழல் பொறியாளர் அலுவலகம் போய், இசைவாணைப் பதிவேட்டைக் காட்டச் சொல்லுங்கள். அந்தப் புகையால் பாதிக்கப்படுகிறவர் யாரும் அதைப் பார்க்கலாம் என்று அதே சட்டத்தின் 51-ஆம் பிரிவு சொல்கிறது. முடியாது என்றால் அதை எழுத்தில் தரச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற பாய்லர் ஆபரேட்டர்,
திருப்பூர்.