ஜன்னல் மாத்தப்போற பொண்ணுக்கு

அம்மாடி,

நீ அனுப்புன மூணு கொட்டேஷனையும் கண்ணாடியப் போட்டுக்கிட்டு ரெண்டு தடவ படிச்சேன். போன்ல சொல்லலாம்னு பாத்தா பாதியிலயே "மீட்டிங் இருக்குப்பா"ன்னு வச்சிடுவ, அதான் உக்காந்து டைப் பண்றேன், எழுத்துப்பிழை இருந்தா சிரிக்காம படி.

மொதல்ல அந்த "இன்னைக்குள்ள அட்வான்ஸ் போட்டா டிஸ்கவுண்ட்"காரர விட்டுடு. ஜன்னல் என்ன அழுகிப்போற சாமானா? இன்னைக்கு கொறச்சு குடுக்க முடிஞ்சவருக்கு அடுத்த வாரமும் குடுக்க முடியும், நீ நாலு பேர்கிட்ட விசாரிச்சுடக் கூடாதேன்னுதான் இந்த அவசரமெல்லாம். இதுல அவரு வீட்டுக்கே வரல, போட்டோவ பாத்தே ரேட் போட்டிருக்காரு.

நம்ம வீட்டு கதை உனக்கு முழுசா தெரியாது, நீ அப்ப ஹாஸ்டல்ல இருந்த. மரச்சட்டமெல்லாம் மழைல ஊதிப்போய் மூடவே முடியாம ஆனதும் யூபிவிசின்னு கெட்டி பிளாஸ்டிக் பிரேம்ல ஸ்லைடிங் ஜன்னல் போட்டோம்ல, வந்தவரு பேச்சுல கெட்டிக்காரரு, உங்கம்மாவ வாய் நெறைய அக்கா அக்கான்னு கூப்புடுவாரு, வேல முடிஞ்ச அன்னைக்கு பளபளன்னு இருந்துச்சு, நானும் மொத்த காசையும் எண்ணிக் குடுத்துட்டேன். மொத மழைக்கே ஹாலுக்குள்ள தண்ணி. சுவத்துல விரிசல் இல்ல, கண்ணாடியும் ஒழுங்காத்தான் இருக்கு, எங்கேருந்து வருதுன்னே புரியல. அப்புறம் வேற ஒருத்தர கூட்டிட்டு வந்து காட்டுனா, அவரு வெளிப்பக்கமா கைய விட்டு பிரேமுக்கு அடியில தடவிப் பாத்துட்டு சிரிக்கிறாரு. ஸ்லைடிங் பிரேமோட கீழ்ச்சட்டத்துல வெளிப்பக்கம் சின்னச் சின்ன ஓட்டை இருக்கும், ட்ராக்குல விழுற மழைத்தண்ணி அது வழியா வெளிய போறதுக்கு. நம்ம ஆளு அது அசிங்கமா இருக்குன்னு நெனச்சு எல்லா ஓட்டையவும் சிலிக்கான் பசைய வச்சு அடச்சிருக்காரு! ட்ராக் தொட்டி மாதிரி ரொம்பி உள்பக்கம் வழிஞ்சிருக்கு. போன் பண்ணா எடுக்கல. ஏன் எடுக்கணும், அதான் காசு முழுசா கைக்கு போயிடுச்சே.

அதுலேருந்து நான் பிராண்ட அப்புறம்தான் பாப்பேன், மாட்டுற ஆளத்தான் மொதல்ல பாப்பேன். ஆளு எப்படின்னு அளக்கும்போதே தெரிஞ்சுடும்மா. அகலத்த மேல, நடுவுல, கீழன்னு 3 இடத்துல அளக்கணும், உயரத்தையும் அதே மாதிரி 3 இடத்துல, அதுல எது கம்மியா வருதோ அதத்தான் கணக்குல எடுக்கணும். மூலைக்கு மூலை குறுக்கயும் டேப் புடிக்கணும், ரெண்டு குறுக்கும் ஒரே அளவா வரலைன்னா ஓப்பனிங் கோணலா இருக்குன்னு அர்த்தம். உன் பில்டிங் பழசு, கோணல் இல்லாம இருந்தாத்தான் ஆச்சரியம். ஒண்ண அளந்துட்டு "மத்ததும் இதே சைஸ்தான் மேடம்"னு டேப்ப சுருட்டுறவர வாசலோட தேங்க்ஸ் சொல்லி அனுப்பிடு. ஏன் இவ்ளோ சொல்றேன்னா டஃபன் பண்ண, அதாவது சூடாக்கி கெட்டியாக்குன கண்ணாடிய அப்புறம் வெட்டவே முடியாது, வெட்டப்போனா மொத்தமும் பொடிப்பொடியா கொட்டிடும். அளவு தப்புன்னா புதுசாத்தான் செய்யணும், அந்த செலவுக்கு மனசு வராத ஆளு சந்து பூரா சிலிக்கான அப்பிட்டு போயிடுவாரு. பிரேம சுத்தி கொஞ்சம் இடைவெளி வேணும்தான், வெயிலுக்கு விரியும்ல, ஆனா அது மில்லிமீட்டர் கணக்கு, விரல் நுழையுற கணக்கு இல்ல.

ரெண்டாவது கொட்டேஷன்ல "8 ஜன்னல், மொத்தம் இவ்ளோ"ன்னு ஒரே வரி. அத வச்சு நாளைக்கு என்னத்த கேப்ப? கண்ணாடி எத்தன மில்லிமீட்டர், பிரேமுக்குள்ள இரும்பு குடுக்குறாங்களா, பழைய நிலைய பேத்து எடுக்குறாங்களா இல்ல அதுக்குள்ளயே புது பிரேம சொருகுறாங்களா, எல்லாம் எழுத்துல வேணும். சொருகுனா சுவரு ஒடையாது, செலவு கம்மி, ஆனா வெளிச்சம் வர்ற எடம் சுருங்கும், பழைய மரம் உளுத்துப்போயிருந்தா அது மேல எத மாட்டுனாலும் நிக்காது. பூச்சுவேலை யாரு, கிரில்ல கழட்டி திரும்ப மாட்டுறது யாரு, பழசெல்லாம் யாரு எடுத்துட்டு போவா, இதுலதான் கடைசில சண்ட வரும். வாரண்டியும் ரெண்டு இருக்கு பாத்துக்கோ, சாமானுக்கு கம்பெனி குடுக்குறது வேற, மாட்டுன வேலைக்கு இவரு குடுக்குறது வேற. டபுள் கிளாஸ் போடுறன்னா, ரெண்டு கண்ணாடிக்கு நடுவுல பனி மாதிரி படிஞ்சா சீல் போச்சுன்னு அர்த்தம், தொடைக்கவே முடியாது, அதுக்கு மாத்தித் தருவாங்களான்னு தனியா கேளு.

(ஒரு வேடிக்க சொல்றேன். ராத்திரி லைட்ட அணச்சுட்டு டபுள் கிளாஸ் முன்னாடி லைட்டர் புடிச்சா 4 சுடர் தெரியும், ஒரு கண்ணாடிக்கு ரெண்டு பக்கம்ல. சூடு தடுக்குற பூச்சு இருந்தா அதுல ஒரு சுடர் மட்டும் வேற கலரா இருக்கும். பூச்சுக்குன்னு காசு வாங்குறவர்கிட்ட சாம்பிள் கேட்டு பண்ணிப் பாரு.)

மூணாவது ஆளு, பாத்ரூம் ஜன்னல மாத்த வேண்டாம், ரப்பர மட்டும் மாத்துனா போதும்னு சொன்னாருன்னியே, எனக்கு அவரத்தான் புடிச்சிருக்கு. தன் வருமானத்த தானே கொறச்சுக்கிற ஆளு சுலபமா கெடைக்க மாட்டாரு. ஆனா அது மட்டும் போதாது, அவரு போன மாசம் பண்ண வீட்ட காட்டுனா பாக்காத, 2, 3 வருஷம் முன்னாடி பண்ண வீட்ட கேளு. அங்க போயி ஜன்னல் எப்படின்னு கூட கேக்க வேண்டாம், கம்ப்ளைண்ட் சொன்னப்ப வந்தாரான்னு மட்டும் கேளு. அளந்தவரே மாட்ட வருவாரா இல்ல வேற டீம அனுப்புவாரான்னும் கேட்டுக்கோ. நீ இருக்கறது 4வது மாடி, பெல்ட் போடாம யாரையும் வெளிய சாஞ்சு நிக்க விடாத, யாருக்காவது ஏதாச்சும் ஆனா பொறுப்பு யாருன்னு முன்னாடியே எழுதி வாங்கிடு.

காசு பிரிச்சுத்தான் குடுக்கணும். கடைசி பங்க, ஜன்னல் மேல வெளிய இருந்து தண்ணிய பீச்சிப் பாக்குற வரைக்கும் கைல வச்சுக்கோ. கீழேருந்து ஆரம்பிச்சு மெதுவா மேல போகணும், அப்பத்தான் எங்க ஒழுகுதுன்னு புடிக்க முடியும். தொறந்து மூடுற டைப்புக்கு ஒரு பேப்பர நடுவுல வச்சு மூடி இழுத்துப் பாரு, லேசா உருவிக்கிட்டு வந்தா ரப்பர் அழுத்தல. வேல முடிஞ்சதும் பிரேம் மேல ஒட்டியிருக்குற பிளாஸ்டிக் பேப்பர உரிச்சிடு, அழகா இருக்குன்னு விட்டீன்னா வெயில்ல காஞ்சு ஒட்டிக்கும், அப்புறம் நகத்தாலதான் சொரண்டணும்.

சனிக்கெழம அந்த மூணாவது ஆளு அளக்க வர்றப்ப வீடியோ கால் போட்டு ஒரு ஓரமா வச்சுடு. நான் ஒண்ணும் பேச மாட்டேன், சும்மா பாத்துட்டு இருக்கேன். உங்கம்மா பின்னாடி நின்னு இத படிச்சுட்டு சிரிக்கிறா, நான் பேசாம இருக்கறதாவதுன்னு.

அப்பா